நூறு காய்கள்

பையைக் கவிழ்த்து நூறை மட்டும் எண்ணி எடுக்கிறேன்.
மிச்சம் எண்ணெய் பார்க்கும் அறைக்குப் போகும்.
சன்னலோரம்தான் பிரிக்க வேண்டும்,
குழல்விளக்கின் கீழே எல்லாக் காயும் பொய் சொல்லும்.

எட்டுக் கிண்ணங்கள்.
பூஜ்ஜியத்தில் அடர்பச்சை.
ஒன்றில் மஞ்சள் கசிந்த பச்சை.
இரண்டில், யாரோ கிள்ளிவிட்டதுபோல்
கன்னம் மட்டும் சிவந்த செங்காய்.
மூன்றில் பாதிக்கு மேல் சிவப்பு.
நாலில் தோல் கறுப்பு, சதை வெள்ளை.
அதற்குமேல் கத்தி இல்லாமல் தெரியாது;
ஐந்து, ஆறு என்று கறை உள்ளே இறங்கி
ஏழில் கொட்டையைத் தொட்டிருக்கும்.

எண்ணிக்கையைக் கிண்ணத்தின் எண்ணால் பெருக்கு,
கூட்டு, நூறால் வகு.
வருவது மரத்தின் பருவம்.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வொட்னியானுக்குத் தெற்கே
எர்மனோவுக்கும் தங்கை ஃபூமிட்சாவுக்கும்
ஒரே செம்மண், நடுவே ஒரு கல்வேலி.
அவன் பக்கம் பூஷா, ஓரத்தில் ஒரு வரிசை லெச்சீனோ.
அவள் பக்கம் முழுக்க பியெலிட்சா,
வெளுத்தவள் என்று அர்த்தம்.
மூன்றும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பூத்தன.
பூத்ததில் நூற்றுக்கு இரண்டு பிஞ்சு பிடித்தது,
அதிலும் பாதியை ஒரு வறண்ட காற்று கொண்டுபோனது.
ஜூலைக் கடைசியில் குறுக்கே வெட்டினேன்.
கத்தி நடுவில் நின்றது:
கொட்டை வைரம் பாய்ந்துவிட்டது.
அதன் பிறகு சதை எண்ணெய் சேர்க்கும்,
சீட்டுக் கட்டுகிறவளைப் போல,
யாரிடமும் சொல்லாமல்.

அக்டோபர் எட்டாம் தேதி:
லெச்சீனோ நாலு, பூஷா மூன்று புள்ளி ஒன்று,
பியெலிட்சா பூஜ்ஜியம் புள்ளி ஆறு.
ஆலையில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் கிடைத்திருந்தது.
எல்லாவற்றையும் சேர்த்தே பறிப்போம் என்றான் எர்மனோ.
என் தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள் அவள்.
"பார், இன்னும் பச்சைக் குழந்தை."

அவன் ஆட்டினான். அவள் காத்தாள்.
அடுத்த வாரம் புள்ளி ஏழு.
அதற்கடுத்த வாரம் புள்ளி ஏழு.
மழை. தோலில் ஈ குத்திய துளைகள்,
நூற்றில் மூன்று, பிறகு ஒன்பது.
புள்ளி எட்டு.
தினமும் ஆறு மணிக்கு ஃபோன்.
"சிவந்ததா?"
இல்லை, ஃபூமிட்சா.

பக்கத்து அறைத் தாள்களை
நான் வாங்கிப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.
உலர்ந்த சதையில் எண்ணெய்
மூன்று வாரமாய் ஒரே இடத்தில் நின்றது.
ஏறவில்லை. ஏற இடமில்லை.
வயிறு நிறைந்த பிறகும்
முகத்தில் ஒன்றும் காட்டாத காய்.
என் எட்டுக் கிண்ணங்களும்
வேறு மரங்களுக்காகச் செய்தவை.

சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம்
அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம்.
"அப்படியென்றால் உன் புள்ளி எட்டு?"
அது தோலின் கணக்கு.
"தோலைப் பார்க்கவா உனக்குச் சம்பளம்?"
வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வலை விரித்தாள்.
ஈ கண்ட காய்களைத் தனிக் கூடையில் போட
மூன்று பேருக்குக் கூலி கொடுத்தாள்.
அந்தக் கூலியை நான் மறக்கவில்லை,
அவளும்.

இரண்டு எண்ணெயும் நீலக் கோப்பையில் வந்தன.
பூஷா மென்மை, பச்சைப் பாதாமின் வாசம்;
கோடை வருமுன் தீர்த்துவிட வேண்டிய இனிமை.
பியெலிட்சா நாக்கில் கைத்தது,
தொண்டையில் இறங்கிக் காறியது.
ஒரு முறை இருமினேன். மறு முறையும்.
எர்மனோ இருமலை அடக்கிக்கொண்டு
"பரவாயில்லை" என்றான்.

ஜனவரியில் ஹீட்டரைத் துடைக்க நகர்த்தியபோது
அடியில் ஒரு காய் கிடந்தது.
அக்டோபர் எட்டாம் தேதியதாய் இருக்கலாம்.
அப்படியானால் அன்று தட்டில் தொண்ணூற்றொன்பது.
பச்சையாய் உருண்டிருந்தால் அது பூஜ்ஜியம்,
கூட்டினாலும் விட்டாலும் ஒன்றுதான்.
ஆனால் இப்போது அது கறுத்துச் சுருங்கியிருந்தது.
வெட்டிப் பார்க்கக் கத்தியைத் தேடினேன்,
பிறகு தேடவில்லை.